டெக் கட்ட எவ்வளவு ஆகும்? சதுர மீட்டர் விலையில் அடங்காத செலவுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டுக்குப் பின்னால் மர டெக் (தூண்களின் மேல் பலகை பரப்பிய திறந்த தளம்) போட நினைப்பவர்கள் முதலில் குழம்பும் இடம் கொட்டேஷன். மூன்று பேரிடம் கேட்டால் மூன்றும் மூன்று தினுசாக வருகிறது. ஒருவர் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்கிறார். அடுத்தவர் அதே அளவு டெக்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார். மூன்றாமவர் ஒரே வரியில் மொத்தத் தொகையை எழுதி, அடியில் ‘வாட் தனி’ என்று சின்ன எழுத்தில் போட்டுத் தருகிறார். யார் சொல்வது நியாயம் என்று தெரியாமல், கடைசியில் குறைந்த தொகையைப் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். பணம் பாதியில் தீர்ந்துபோவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

மூவரில் யாரும் ஏமாற்றாமலே மூன்று தொகைகள் வரலாம். அவர்கள் மனதில் வைத்திருப்பது மூன்று வெவ்வேறு டெக்குகள். கண்ணுக்குத் தெரியும் பலகையை வைத்து நாம் விலையை யோசிக்கிறோம். ஆனால் செலவைத் தீர்மானிப்பது பலகைக்கு அடியில் இருப்பவை: நிலத்தின் சரிவு, தரையிலிருந்து உயரம், தூண்களின் எண்ணிக்கை, மரத்துக்குக் கொடுத்த மருந்து, திருகின் உலோகம். இவற்றில் எதையும் சதுர மீட்டர் விலை சொல்லாது. அதனால் பட்ஜெட்டைப் பரப்பளவிலிருந்து தொடங்காமல், என்னென்ன பொருள் எத்தனை வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டெக்கின் பாகங்கள்

கொட்டேஷனைப் படிக்க ஐந்து பாகங்களைத் தெரிந்துவைத்தால் போதும். கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

1. அஸ்திவாரக் குழி: தூண் நிற்பதற்காகத் தோண்டி காங்கிரீட் போடும் குழி.
2. தூண்: மண்ணில் நிற்கும் மரக் கம்பம். மண்ணின் ஈரமும் கரையானும் முதலில் தொடுவது இதைத்தான்.
3. உத்தரம்: தூண்களின் தலையில் கிடைமட்டமாகப் போகும் கனமான மரம்.
4. சட்டம்: உத்தரங்களின் மேல், அவற்றுக்குக் குறுக்காக, சம இடைவெளியில் வரிசையாக வைக்கும் மரம். பலகையை இதில்தான் திருகுகிறார்கள்.
5. பலகை: நாம் நடக்கும் மேல்தளம்.

கைப்பிடி, படிக்கட்டு, மின்விளக்கு, மழைநீர் வடிகால் ஆகியவை இதற்கு மேல் வருபவை. கொட்டேஷனில் விட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த நான்குதான்.

ஓர் உதாரண டெக்கை எண்ணிப் பார்ப்போம்

வீட்டுச் சுவரை ஒட்டி 5 மீட்டர் நீளம், வெளிப்பக்கம் 4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 20 சதுர மீட்டர். பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடத் தாராளம்.

பலகை 102 மி.மீ. அகலம், இடையில் 5 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு வரிசைக்கு 107 மி.மீ. போகும். 4 மீட்டருக்கு 38 வரிசை. ஒவ்வொன்றும் 5 மீட்டர். கணக்குப்படி 190 மீட்டர் பலகை போதும். ஆனால் தென்னாப்பிரிக்க மரக்கடையில் பைன் மரம் 0.3 மீட்டர் படிகளில்தான் வரும்: 4.2, 4.5, 4.8, 5.1, 5.4 என்று. எல்லா நீளமும் எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது. 5 மீட்டர் டெக்குக்குக் கடையில் இருப்பது 5.4 என்றால், வரிசைக்கு 40 செ.மீ. வெட்டி எறிகிறீர்கள். 38 வரிசைக்கு நீங்கள் காசு கொடுப்பது 205 மீட்டருக்கு.

அதே டெக்கை 4.8 மீட்டர் நீளமாக மாற்றுங்கள். 182 மீட்டர் போதும். டெக்கின் பரப்பில் குறைவது 4 சதவீதம், பலகைச் செலவில் குறைவது 11 சதவீதம். நாற்காலி போட்டு உட்காரும்போது அந்த 20 செ.மீ. குறைந்தது யாருக்கும் தெரியப்போவதில்லை. அளவை முடிவு செய்யும் முன் மரக்கடையில் எந்த நீளம் இருக்கிறது என்று கேட்பது செலவே இல்லாத சிக்கனம். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

அடுத்து சட்டம். 400 மி.மீ. இடைவெளியில் 4.8 மீட்டருக்கு 12 இடைவெளி, ஆக 13 சட்டம். ஒவ்வொன்றுக்கும் 4.2 மீட்டர் மரம். பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த கம்போசிட் பலகைகளில் பல வகைக்கு இதைவிட நெருக்கமான சட்டம் வேண்டும். இடைவெளி 300 மி.மீ. என்றால் 17 சட்டம். பலகையை மாற்றினால் அடியிலும் செலவு ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

உத்தரம் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் 1.6 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் நான்கு, மொத்தம் 12 தூண். குழி 40 செ.மீ.க்கு 40 செ.மீ., ஆழம் 60 செ.மீ. என்றால் 12 குழிக்கும் சேர்த்து 1.15 கன மீட்டர் காங்கிரீட். 50 கிலோ சிமெண்ட் ஏழு மூட்டை போல ஆகும், அதோடு மணலும் ஜல்லியும். பக்கி எனும் சிறு சரக்கு வண்டி வீட்டுக்குப் பின்னால் போக வழி இல்லாத யார்டானால், இதையெல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் கூலியையும் சேர்க்க வேண்டும்.

திருகு: 38 பலகை, 13 சட்டம், சந்திக்கும் இடம் ஒவ்வொன்றிலும் இரண்டு. 988 திருகு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தூணின் இடைவெளியும் மரத்தின் கனமும் இங்கே உதாரணத்துக்குத்தான். உங்கள் வீட்டுக்கு எது சரி என்பது மண்ணையும் உயரத்தையும் பொறுத்தது, அதை முடிவு செய்பவர் பொறியாளர். ஆனால் இப்படி எண்ணிவைத்த பட்டியல் கையில் இருந்தால் மூன்று பேரிடமும் ஒரே டெக்குக்கு விலை கேட்க முடியும். ஒருவர் 12 தூணுக்கும் இன்னொருவர் எட்டுத் தூணுக்கும் விலை சொல்வது அப்போது வெளியே தெரிந்துவிடும்.

ஆள் பாரத்தையும் இந்த இடத்திலேயே யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் டெக் இரண்டு நாற்காலி போட்டுத் தேநீர் குடிக்கும் இடமாக மட்டும் இருப்பதில்லை. ஆடி மாதக் கூழ், தீபாவளி, பிறந்தநாள், பதினாறாம் நாள் காரியம் என்று ஆட்கள் வருவார்கள். முப்பது பேர், ஆளுக்கு 70 கிலோ என்றாலும் 2,100 கிலோ. இந்த டெக்கில் சதுர மீட்டருக்கு 110 கிலோ போல வருகிறது. அதுவும் சமமாகப் பரவி நிற்க மாட்டார்கள், படம் எடுக்கக் கூப்பிட்டால் எல்லோரும் ஒரே ஓரத்துக்குப் போவார்கள். வடிவமைப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு தூண் கூடுதலாகப் போடும் செலவு, பின்னால் டெக்கைப் பிரித்துப் பலப்படுத்தும் செலவுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

சரிவும் ஒரு மீட்டர் எல்லையும்

டர்பனின் சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் வீடுகள் மலைச்சரிவில் படிப்படியாக நிற்கின்றன. பின்பக்க யார்ட் சமதளமாக இருப்பது அபூர்வம். டெக் போடுவதற்கே பலருக்கு அதுதான் காரணம்: புழங்க முடியாத சரிவைப் புழங்கும் இடமாக்குவது. பட்ஜெட் எகிறுவதும் அங்கேதான்.

தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளின் செயல்முறைத் தரமான சான்ஸ் 10400-இல் ‘டி’ பகுதி சொல்வது இது: பக்கத்துத் தரையிலிருந்து 1 மீட்டருக்கு மேல் உயரமான பால்கனி போன்ற இடத்துக்குக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் கைப்பிடியோ தடுப்போ வேண்டும். அதன் இடைவெளிகளில் 100 மி.மீ. விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது. குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும், குழந்தை நழுவி விழாமல் இருக்கவும் வைத்த அளவு அது.

இதை நம் உதாரண டெக்கில் பொருத்திப் பாருங்கள். வீட்டு வாசலில் டெக் தரையிலிருந்து 30 செ.மீ. உயரம். நிலம் 4 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிறது. வெளி ஓரத்தில் உயரம் 1.3 மீட்டர். விதி வந்துவிட்டது. மூன்று பக்கமும் சேர்த்து 12.8 மீட்டர் கைப்பிடி, அதை அசையாமல் தாங்கும் கம்பங்கள், நெருக்கமான குறுக்குக் கம்பிகள், கீழே இறங்கப் படிக்கட்டு, உயரமான தூண்கள் ஆடாமலிருக்கச் சாய்வுத் தாங்கிகள். டெக்கின் பரப்பு ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை, செலவு மட்டும் கூடிவிட்டது. சதுர மீட்டர் விலையில் பேசும் கொட்டேஷன் இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. டெக்கை இரண்டு தளமாகப் பிரித்து, வெளிப்பக்கத்து 2 மீட்டரை 40 செ.மீ. தாழ்த்துங்கள். மேல் தளத்தின் ஓரம் தரையிலிருந்து 80 செ.மீ., கீழ்த் தளத்தின் ஓரம் 90 செ.மீ. இரண்டுமே எல்லைக்குள் வந்துவிட்டன. ஒரு படியின் உயரம் 200 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பதும் விதி, ஆகவே நடுவில் ஒரு படி போட்டால் சரி. கூடுதல் உத்தரம் ஒன்று தேவைப்படும், ஆனால் 12 மீட்டர் கைப்பிடி மிச்சம். வீட்டில் தவழும் குழந்தையோ தடுமாறும் பெரியவரோ இருந்தால், விதி கேட்காவிட்டாலும் கைப்பிடி போடுங்கள். அந்தச் செலவில் நான் யாருக்கும் சிக்கனம் சொல்ல மாட்டேன்.

மண்ணும் ஒரு விஷயம். டர்பனின் கடலோர மேடுகளில் இருக்கும் பெரியா சிவப்பு மணல், காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரியும், தண்ணீர் இறங்கினால் அமிழ்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 60 செ.மீ. குழி போதாமல் போகலாம். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் டெக்கின் தூண்கள் பக்கம் கொட்டினால் அதை வேறு பக்கம் திருப்பிவிடும் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வந்த வெள்ளமும் மண்சரிவும் 400-க்கு மேற்பட்ட உயிர்களை வாங்கின. அதைப் பார்த்த ஊரில் சரிவின் மேல் கட்டும் எவரும் மழைநீர் வடிகாலைக் கடைசியில் யோசிக்கும் விஷயமாக வைக்கக் கூடாது.

மரத்தின் விலை எதைப் பொறுத்தது

உள்நாட்டு மரம் பைன். குவாசுலு-நட்டாலின் மிட்லண்ட்ஸ், ம்புமலங்கா ஆகிய பகுதிகளின் தோட்டங்களில் வளர்வது. மென்மையான மரம், மருந்து ஏற்றாமல் வெளியில் போட்டால் தாங்காது. வழக்கமான மருந்து செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்தது. மரத்தின் இளம்பச்சை நிறம் அதனால் வருவது. எந்த இடத்துக்கு எவ்வளவு மருந்து ஏறிய மரம் என்பதைச் சொல்ல எச் வகுப்புகள் இருக்கின்றன:

1. எச்2: கூரைக்கு அடியில், மழை படாத இடத்துக்கு.
2. எச்3: வெயிலும் மழையும் படும், ஆனால் மண்ணைத் தொடாத இடத்துக்கு. பலகை, சட்டம், உத்தரம் இதற்குள் வரும்.
3. எச்4: மண்ணுக்குள் நிற்கும் மரத்துக்கு. தூண்கள் இதற்குக் குறையக் கூடாது.
4. எச்5: எப்போதும் ஈரமான மண்ணுக்கும் நன்னீருக்கும்.

மரத்தின் முனையிலோ பக்கத்திலோ இந்த எண் இருக்கும். கூரை வேலைக்கு வந்த எச்2 மரத்தை டெக்கில் போட்டால் முதல் நாள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், விலையும் குறையும். மலிவான கொட்டேஷன்களில் ஒளிந்திருக்கும் வித்தியாசங்களில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு பாகத்துக்கும் எச் எண்ணைக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

தூண் நடும் நாளில் கூட இருந்து பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. மருந்து மரத்தின் நடுவரை முழுதாக ஊறுவதில்லை. தூணை அளவுக்கு வெட்டினால் வெட்டிய முகத்தில் மருந்து ஏறாத மரம் வெளியே வருகிறது. அந்த முனை மேலே இருக்க வேண்டும், ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும். வெட்டிய இடத்தில் மருந்து பூசவும் வேண்டும். இரண்டாவது, தூணின் அடியைக் காங்கிரீட்டால் கிண்ணம் போல மூடிவிடக் கூடாது. குழியின் அடியில் ஜல்லி போட்டு, தூண் அதன் மேல் நின்று, காங்கிரீட் சுற்றிலும் மட்டும் இருந்தால் இறங்கும் தண்ணீர் வடிந்துபோகும். இதற்குப் பத்து ராண்ட் கூடக் கூடுதல் இல்லை, தூணின் ஆயுளோ பல வருடம் கூடுகிறது.

மிச்சமான துண்டு மரம் விறகுக்கு ஆகுமே என்று பிராய் அடுப்பில் போடாதீர்கள். ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும், அதில் வேகும் இறைச்சியிலும் படியும். துண்டுகளை முறையாக அப்புறப்படுத்தும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

பைனுக்கு மேல் போனால் இறக்குமதி மரங்கள். பலாவ் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருகிறது, கராப்பாவும் மசரண்டூபாவும் பிரேசிலிலிருந்து. இவற்றை டாலரில் வாங்குகிறார்கள், அதனால் ராண்ட் சரிந்தால் இங்கே விலை ஏறும். மூன்று மாதம் முன்பு வாங்கிய கொட்டேஷனை வைத்து இப்போது பட்ஜெட் போடக் கூடாது. எத்தனை நாள் செல்லும் என்று கொட்டேஷனில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். இன்னொன்று கூலி. பைனில் திருகு நேராக இறங்கும். பலாவ் போன்ற இறுகிய மரத்தில் ஒவ்வொரு திருகுக்கும் முதலில் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் திருகு முறியும் அல்லது பலகை பிளக்கும். 988 துளை. மரத்தின் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்தவர்கள் கூலியில் தடுமாறுவது இதனால்தான்.

கம்போசிட் பலகை பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்தது. எண்ணெய் பூச வேண்டியதில்லை, கரையானும் தொடாது. ஆனால் வெயிலில் சுடும், வெறுங்காலோடு நடப்பவர்கள் மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி நண்பகல் வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதற்கு அடியில் இருக்கும் சட்டமும் தூணும் பெரும்பாலும் அதே பைன்தான் என்பதை மறக்காதீர்கள். பலகைக்குக் கிடைக்கும் உத்தரவாதம் அடிமரத்துக்குக் கிடையாது.

திருகில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும், மருந்தில் உள்ள செம்பு மறுபக்கம் அரிக்கும். மெல்லிய முலாம் பூசிய சாதாரணத் திருகு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. திருகின் தலை போய்விட்டால் பலகை நன்றாக இருந்தாலும் டெக் போச்சு. பிளஃப், இசிபிங்கோ, அமன்சிம்டோட்டி, உம்ஷ்லாங்கா போன்ற கடலோரங்களில் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். உள்நிலத்துக்கு 304 தரமோ, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததோ போதும். திருகு ஒன்றுக்கு 2 ராண்ட் கூடுதல் என்று வைத்தாலும் 988 திருகுக்கு 2,000 ராண்டுக்குள் முடிந்துவிடும். டெக்கின் மொத்தச் செலவில் இது சிறு துளி.

நகராட்சி அனுமதி

மர டெக் கட்டடமா என்ற கேள்விக்கு 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் இலக்கக் கட்டட விதிகள் சட்டம் தரும் விளக்கம் அகலமானது. எந்தப் பொருளால் கட்டினாலும், தற்காலிகமோ நிரந்தரமோ, மனிதர் வசதிக்காக எழுப்பும் அமைப்பு அதில் வரும். ‘வெறும் மரம்தானே, பிளான் வேண்டாம்’ என்று டெக் போடுபவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். சிறு வேலைகளுக்கு முழு பிளான் கேட்காமல் அனுமதி தர 13-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. உங்கள் டெக் அதற்குள் வருமா என்பதை நகராட்சியின் கட்டடப் பிரிவுதான் சொல்ல முடியும். டர்பனில் அது எத்தெக்வினி நகராட்சி.

பட்ஜெட்டுக்கு வேண்டியவை இவை:

1. பிளான் வரைபவர் சாகாப் எனும் கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அவர் கட்டணம் ஒன்று, உயரமான டெக்குக்குப் பொறியாளர் கட்டணம் இன்னொன்று.
2. நகராட்சியின் பரிசீலனைக் கட்டணம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் கட்டணமும் அப்போது மாறும்.
3. காலம். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்த 30 நாள் எல்லாத் தாள்களும் சரியாக இருந்தால்தான். அனுமதி கிடைத்த 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும்.
4. எல்லைக் கோடும் குழாயும். யார்டின் பின்பக்கம் நகராட்சியின் கழிவுநீர்க் குழாய் போகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். அதன் மேல் தூண் நட்டால் பின்னால் எடுக்கச் சொல்வார்கள்.

அனுமதி இல்லாமல் கட்டினால் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் நாளுக்கு 100 ராண்ட் வரைதான். அதைப் பார்த்துத் துணிபவர்கள் உண்டு. உண்மையான செலவு அபராதத்தில் இல்லை. இடிக்க உத்தரவு கேட்டு நகராட்சி நீதிமன்றம் போக முடியும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வங்கி பிளானைக் கேட்டால் விற்பனையே நின்றுபோகலாம்.

டெக்கில் விளக்கோ பிளக்கோ வைத்தால் பதிவு பெற்ற மின் பணியாளரின் சான்றிதழும் வேண்டும். குவாசுலு-நட்டால் கடலோரத்தில் வீடு விற்கும்போது மர வண்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கம் என்பதால், மருந்து ஏற்றாத மரம் அங்கேயும் தொல்லை தரும்.

கொட்டேஷனும் பணம் கொடுக்கும் முறையும்

முதலில் வாட் வரி. இப்போது 15 சதவீதம். ‘60,000 ராண்ட், வாட் தனி’ என்றால் நீங்கள் கட்டப்போவது 69,000. ‘69,000, வாட் உட்பட’ என்று எழுதியவரை விலை கூடியவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள், இருவரும் கேட்பது ஒரே தொகை. வாட் பதிவு இல்லாத சிறு ஆட்கள் வாட் வாங்கவே கூடாது. வாங்கினால் பில்லில் வாட் எண் இருக்க வேண்டும்.

வேலையாட்கள் உங்கள் யார்டில் கீழே விழுந்தால் யார் பொறுப்பு? 1993-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவரிடம் நற்சான்றுக் கடிதம் இருக்கும். கேட்டு வாங்குங்கள். காட்டத் தயங்குபவரின் குறைந்த விலைக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

முன்பணமாகப் பாதித் தொகை கேட்பது சாதாரணமாக நடக்கிறது. நான் சொல்வது இப்படி: மரத்துக்கான பணத்தை நேராக மரக்கடைக்கே உங்கள் பெயரில் பில் போட்டுக் கட்டுங்கள். கூலியைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். தூண் நட்டு காங்கிரீட் இறுகியதும் ஒரு பங்கு, சட்டம் முடிந்ததும் ஒரு பங்கு, பலகை முடிந்ததும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு நல்ல மழை பெய்து தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்கும்வரை கையில் வைத்திருங்கள். இதையெல்லாம் வேலை தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள், சொந்தக்காரர் வேலை செய்தாலும் சரி. உறவுக்குள் எழுத்து கேட்பது சங்கடம்தான், ஆனால் பணத்தால் உறவு முறிவதைவிட அது பரவாயில்லை.

வாங்கிய பொருள் பழுதானால் 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் இலக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு துணை நிற்கும். ஆறு மாதத்துக்குள் சரிசெய்வதா, மாற்றுவதா, பணம் திரும்புவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு.

எதிர்பாராச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது? சமதள யார்டானால் 10 சதவீதம். சரிவானால் 20. குழி தோண்டும்போது பாறையோ பழைய குழாயோ வந்தால்தான் இதன் அருமை தெரியும்.

கட்டிய பிறகு

டர்பனின் வெயிலிலும் புழுக்கத்திலும் பைன் டெக்குக்கு வருடம் ஒரு முறை கழுவி எண்ணெய் பூசுவது நல்லது. எண்ணெய் லிட்டருக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரும். 20 சதுர மீட்டர், இரண்டு கோட் என்றால் நான்கைந்து லிட்டர். நீங்களே பூசினால் ஒரு வார இறுதி போதும்.

பொருள்களை ஒப்பிடும்போது கட்டும் செலவை மட்டும் வைத்து ஒப்பிடாமல் 15 வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். கணக்குக்காக எண்கள் வைக்கிறேன், அவற்றின் இடத்தில் உங்கள் கொட்டேஷன் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். பைன் கட்ட 45,000, வருடப் பராமரிப்பு 2,500 என்றால் 15 வருடத்தில் 82,500. கம்போசிட் கட்ட 80,000, வருடம் 500 என்றால் 87,500. தொடக்கத்தில் 35,000 ஆக இருந்த வித்தியாசம் 5,000 ஆகச் சுருங்குகிறது. ஆனால் எண்ணெயை நீங்களே பூசி வருடச் செலவை 1,000-க்குக் கொண்டுவந்தால் பைன் 60,000-இல் நின்றுவிடும். ஆக, வருடா வருடம் பூசுவீர்களா என்ற கேள்விக்கு உண்மையான பதில் தெரிந்தால் மரமும் முடிவாகிவிடும்.

கடன் வாங்கிக் கட்டினால்

80,000 ராண்ட் கடன் என்று வைத்து மூன்று வழிகளைப் பார்ப்போம். வட்டி விகிதங்கள் உதாரணத்துக்கு.

1. தனிக்கடன், 25 சதவீதம், 3 வருடம்: மாதம் 3,180 போல. மொத்த வட்டி 34,500.
2. வீட்டுக் கடனிலிருந்து எடுப்பது, 11 சதவீதம், 3 வருடத்தில் கட்டி முடிப்பது: மாதம் 2,620 போல. மொத்த வட்டி 14,300.
3. அதே வீட்டுக் கடன், 11 சதவீதம், 20 வருடத்துக்கு இழுப்பது: மாதம் 826 போல. மொத்த வட்டி 1,18,000.

மூன்றாவதுதான் கண்ணுக்கு மிகச் சுலபமாகத் தெரிவது. டெக்கின் விலையைவிட வட்டி அதிகம், பலகை உளுத்துப்போன பிறகும் அதற்கான தவணை ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக் கடனில் எடுப்பது தவறில்லை. மாதத் தவணை தானாகச் சிறியதாகிவிடுவதால், கூடுதலாகக் கட்டி மூன்று வருடத்தில் முடிக்கும் பிடிவாதம் வேண்டும். பிணையில்லாக் கடனுக்கு ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்துக்கு மேல் 21 சதவீதப் புள்ளி வரை வாங்கச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணங்கள் தனி.

எப்போது தொடங்குவது

தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று செப்டம்பரில் ஆள் தேடுபவர்கள் அதிகம். டர்பனில் மழைக்காலம் அக்டோபரில் தொடங்குகிறது, குழியில் தண்ணீர் நிற்கும், வேலை இழுக்கும். டிசம்பர் நடுவில் கட்டட வேலைக்காரர்கள் விடுமுறைக்குப் போனால் ஜனவரி வரை திரும்ப மாட்டார்கள். பாதியில் நின்ற டெக் அந்த மூன்று வாரமும் நனையும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உலர்ந்த காலம். அப்போது கட்ட வேண்டுமென்றால் பிளானை பிப்ரவரி, மார்ச்சிலேயே கொடுத்துவிட வேண்டும். லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க் பக்கமும் இதே கணக்குத்தான், அங்கே குளிர்காலம் இன்னும் வறண்டது.

வேலை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி வீட்டின் மதிப்பைக் கூட்டச் சொல்லுங்கள். மரக்கடை பில், கூலி ரசீது, பிளான் அனுமதி, மின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் மூலதன ஆதாய வரிக் கணக்கில் டெக் செலவை வீட்டின் அடக்கவிலையோடு சேர்க்கலாம், ஆனால் வருமான வரித்துறை கேட்டால் காட்டப் பில் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான கடை ரசீது ஒன்றிரண்டு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றைக்கே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.